கிராஃப்ட் மிஸ்

நான் படித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கிராஃப்ட். டைம்டேபிளில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் பாதி வெள்ளிக்கிழமைகளில் அந்த பீரியடைக் கணக்கு மிஸ் கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் வாங்காத நாட்களில்தான் கிராஃப்ட் மிஸ் வருவாள். தோளில் ஒரு கட்டைப்பை தொங்கும். கலர் பேப்பர், ஐஸ்கிரீம் குச்சி, உல்லன் நூல், மொட்டைக் கத்தரிக்கோல் எல்லாம் அதற்குள் இருக்கும். அவள் உள்ளே வந்ததும் வகுப்பு எழுந்து நிற்கும், ஆனால் பேச்சை நிறுத்தாது. மற்ற டீச்சர்களை 'வந்தாங்க' என்று சொல்லும் பிள்ளைகள் அவளை மட்டும் 'வந்துச்சு' என்பார்கள்.

அந்த கிராஃப்ட் மிஸ் என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். அத்தை எப்போது எங்களோடு வந்து சேர்ந்தாள் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் ஒரு மீட்டர் பெட்டி இருப்பதைப் போல ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அத்தை இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுத் திருநெல்வேலிக்காரர்கள் வீட்டில் அத்தை இல்லை என்று தெரிந்தபோது அவர்களுக்காக வருத்தப்பட்டேன். அத்தைக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் திரும்பி வந்துவிட்டாள் என்பதெல்லாம் எனக்குக் காற்றில் வந்து விழுந்த செய்திகள். நேராக யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ராத்திரி ஹாலில் என் பக்கத்தில் படுப்பாள், காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் தையலில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் பாஸ் செய்திருந்தாள். அந்த இரண்டு சர்டிபிகேட்டுகளும் வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தன. அவற்றை வைத்துத்தான் அண்ணனூரில் நான் படித்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆவடியிலிருந்து ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். இருவரும் சேர்ந்துதான் போவோம். சேர்ந்த முதல் நாளே ரயிலில் எனக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"ஸ்கூலு கேட்டுக்கு உள்ள நான் மிஸ்ஸு. வெளிய வந்தப்புறம்தான் அத்தை. தெர்தா?"

எனக்கு அது விளையாட்டைப் போலப் பிடித்திருந்தது. கேட்டைத் தாண்டியதும் 'குட்மார்னிங் மிஸ்' என்பேன். அவளும் என்னை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டுவாள். வெயிலில் நின்று சேலை முந்தானையைத் தோளில் பின் குத்திச் சரிசெய்துகொள்ளும்போது அவள் முகத்தில் வீட்டில் நான் பார்க்காத ஒரு களை இருக்கும்.

நான் ஐந்தாவது படிக்கும்போது எங்களுக்குப் புதிதாக ஓர் இங்கிலீஷ் மிஸ் வந்தார். அம்பத்தூரிலிருந்து வருவார். மெல்லிய குரல். தினமும் ஒரு வார்த்தையைப் போர்டின் நடுவில் எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த வட்டத்திலிருந்து சூரியன் வரைவதுபோலக் கோடுகள் இழுப்பார். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் எழுதவேண்டும். ஒரே வார்த்தைக்குள் எத்தனை வார்த்தைகள் ஒளிந்திருக்கின்றன பாருங்கள் என்பார். ஒருநாள் அவர் எழுதிய வார்த்தை கிராஃப்ட்.

வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் அத்தையின் வார்த்தை போர்டுக்கு வந்துவிட்டதே.

கையால் செய்கிற வேலை, தொழில் நேர்த்தி என்பது முதல் கோடு. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்த கோட்டில் மிஸ் படகு என்று எழுதினார். படகுக்கும் கிராஃப்ட் என்றுதான் பெயராம். முன்னால் காற்றைச் சேர்த்தால் விமானம். பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் தந்திரக்காரன், நரியைப் போல. இங்கிலீஷ்காரர்கள் முதன்முதலில் அந்த வார்த்தையைப் பலம் என்கிற அர்த்தத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றும், பலம் எப்படியோ கைவேலையாகிவிட்டது என்றும் சொன்னார். பலத்துக்கும் ஐஸ்கிரீம் குச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, தமிழில் டப் செய்த ஏதோ ஒரு படத்தில் கேட்ட வார்த்தையைச் சொன்னான்.

"விட்ச்கிராஃப்ட் மிஸ்."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஆமா, அதுவும் இருக்கு" என்று ஒரு கோடு இழுத்து எழுதினார். அர்த்தம் கேட்டோம். பில்லி சூனியம் என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்படியான வார்த்தையாகத்தான் அன்றைக்கு அது இருந்தது. சாயந்திரம் ரயிலில் அத்தையிடம் ஒவ்வொரு கோடாக ஒப்பித்தேன். படகு என்றதும் "அட" என்றாள். விமானம் என்றதும் சிரித்தாள். கடைசிக் கோட்டைச் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டேஷன் வந்துவிட்டதே, அதனால்தான் என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் பள்ளியில் கண்காட்சி வைப்பது என்று முடிவானது. பக்கத்துப் பள்ளியில் வைத்திருந்தார்கள், நாங்களும் வைக்க வேண்டும். பிரின்சிபால் மேடம் அத்தையைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மாநிலத்தின் உடையையும் போட்டுத் துணிப் பொம்மைகள் செய்துதரச் சொன்னார். பூ செய்கிறேன், கூடை பின்னுகிறேன், தோரணம் வேண்டுமானாலும் செய்கிறேன், பொம்மை மட்டும் வேண்டாம் என்று அத்தை சொல்லிப் பார்த்திருக்கிறாள். 'ஏன், உங்களுக்குப் பொம்மை செய்யத் தெரியாதா?' என்று மேடம் கேட்டாராம். தெரியாது என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். லோயரும் ஹையரும் பாஸ் செய்தவளுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று சாயந்திரம் சமையலறையில் அம்மாவிடம் இதை அவள் சொன்னபோது நான் அங்கே தேங்காய்ச் சில்லுக்காக நின்றுகொண்டிருந்தேன். அம்மா துருவுவதை நிறுத்திவிட்டாள்.

"வோணாம்மா. போயி உடம்பு செரியில்லன்னு சொல்லிடு. திரும்ப ஒரு பேச்சு நமக்கு வோணாம்."

"எத்தினி வருசம் ஆவுது அண்ணி? இங்க யாருக்கு இன்னா தெரியும்? ஸ்கூலுக்குச் செய்றது."

"பொம்மை பொம்மைதான" என்றாள் அம்மா. அப்புறம் நான் நிற்பதைப் பார்த்து ஒரு சில்லைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டாள்.

பொம்மைகள் செய்யும்போது அத்தை வேறொருத்தியாக மாறியிருந்தாள். தையல்கடைக்காரரிடம் வெட்டுத் துண்டுகள் கேட்டு வாங்கி வந்தாள். பழைய தலையணைப் பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்தாள். பள்ளி விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிடுவாள். வங்காளத்துப் பெண்ணுக்குச் சிவப்புக் கரை, பஞ்சாப்காரனுக்குத் தலைப்பாகை, கேரளத்துக்கு ஜரிகை, ராஜஸ்தானுக்குக் கண்ணாடிச் சில்லு பதித்த பாவாடை. விரல் நீளச் சேலைக்கு மடிப்பு எடுத்து, அது கலையாமல் குண்டூசியால் குத்தி வைப்பாள். தைத்தபின் ஊசியை எடுத்துவிட வேண்டும். வேலை நடக்கும்போது பாடுவாள். அவள் பாடுவாள் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. முகங்களைக் கடைசியில் வரைந்தாள். எல்லாப் பொம்மைகளுக்கும் சிரிக்கிற முகம்.

கண்காட்சிக்கு வரவேண்டிய விருந்தாளி ஒருநாள் முன்னதாகவே வருகிறார் என்று சொல்லி மேடம் பொம்மைகளை அவசரமாகக் கேட்டார். இன்னும் பாதிக்குமேல் ஊசியில்தான் நின்றுகொண்டிருந்தன. தைத்து முடித்து ஊசிகளை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று அத்தை கெஞ்சினாள். குழந்தைகள் தொட மாட்டார்கள், கயிறு கட்டிவிடலாம் என்றார் மேடம். அவர் நினைத்தது கையில் குத்திவிடும் என்பதை மட்டும்தான்.

கண்காட்சி அன்று பொம்மைகளின் முன்னால்தான் கூட்டம். வந்த பெரியவர் பஞ்சாப்காரனைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். அத்தை ஊதா நிறப் பட்டுச்சேலையில் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா பொம்மைகளைப் பார்த்தார், ஊசிகளைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மகளின் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அத்தை முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் வருகிறதோ என்று நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அந்தப் பெண் எங்கள் வட்டத்தில் உட்கார்ந்து, தன் அம்மா சொன்னதை எல்லோருக்கும் சொன்னாள். அவளுடைய பாட்டி வீடு பூந்தமல்லிப் பக்கமாம். "எங்க ஆயா ஊர்ல ஒரு வீட்ல இதே மாதிரிதான் துணிப் பொம்ம செஞ்சு, ஊசி குத்தி, ஒரு சின்னப் பாப்பாவுக்கு வெச்சிட்டாங்களாம். பாப்பாவுக்கு வலிப்பு வந்து கண்ணு மேல போயிடுச்சாம். அப்புறம் மந்திரிச்சித்தான் பொழச்சிச்சாம். வெச்சது யாருன்னு கண்டுபிடிச்சு ஊர விட்டே தொரத்திட்டாங்களாம். அது நம்ம கிராஃப்ட் மிஸ்ஸுதானாம்."

நான் இல்லை என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து நின்று அன்றைக்குப் போர்டில் எழுதிய வார்த்தையைச் சொன்னான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இங்கிலீஷிலேயே இருக்கிறதென்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள்.

அந்த மாதம் ஆவடி முழுக்கக் காய்ச்சல். வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். யூகேஜியில் ஒரு பையனுக்கும் வந்தது. அவன் கண்காட்சியில் கயிற்றுக்குள் கையை விட்டு ஒரு பொம்மையைத் தொட்டவன் என்று பேச்சு கிளம்பியது. அவன்தான் தொட்டான் என்று சிலரும், தொட்டது வேறு பையன் என்று சிலரும் சொன்னார்கள். அதற்குள் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் அம்மாக்கள் கும்பலாக நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை வெளியே வந்தால் பேச்சு நின்றுபோகும். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் இப்போதெல்லாம் பிள்ளைகளும் பேச்சை நிறுத்தினார்கள். முன்பு அவள் எத்தனையோ தடவை கெஞ்சிக் கேட்ட அமைதி அது.

இங்கிலீஷ் மிஸ் போர்டில் வார்த்தை எழுதுவதை விட்டுவிட்டார். பாடத்தை மட்டும் நடத்திவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் மேடம் அத்தையை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டனுப்பினார். நான் வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது.

"எனக்கு இதுல எல்லாம் துளிகூட நம்பிக்கை இல்லம்மா. நான் எம்.எஸ்சி. படிச்சவ" என்றார் மேடம். "ஆனா பேரண்ட்ஸ் கேக்குறாங்க. அடுத்தது அட்மிஷன் டைம். நீங்களே கொஞ்ச நாள் லீவு மாதிரி எடுத்துக்கங்க."

"கொஞ்ச நாளுன்னா எவ்ளோ நாளு மேடம்?"

மேடம் மேசையில் இருந்த அட்மிஷன் ஃபாரங்களை அடுக்கி வைத்தார்.

"அந்த பொம்மைங்கள நான் எடுத்துக்கினு போவட்டா?" என்று அத்தை கேட்டாள்.

"தாராளமா" என்றார் மேடம். அதில் மட்டும் தயக்கமே இல்லை.

பொம்மைகளைப் பள்ளி ஆயா ஏற்கெனவே ஒரு சாக்கில் போட்டு வாட்டர் டேங்குக்குப் பின்னால் வைத்திருந்தார். கையால் தொடாமல், ஒட்டடைக் குச்சியால் தள்ளிப் போட்டாராம். அத்தை சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டாள். நான் கட்டைப்பையை எடுத்துக்கொண்டேன். அம்மாக்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கேட்டைத் தாண்டும் முன் நான் பழக்கத்தில், "மிஸ், சாக்குல நூல் தொங்குது" என்றேன்.

"இனிமே இங்கயும் அத்தைன்னே கூப்புடு" என்றாள்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அத்தையின் முகத்தையும் தோளில் இருந்த சாக்கையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. அழுதாள். அத்தையின் கன்னத்தைத் தடவினாள். ஆனாலும் கதவை மறித்துக்கொண்டுதான் நின்றாள்.

"நீ உள்ள வாம்மா. அது உள்ள வோணாம்."

அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, உனக்குமா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. குழந்தை இருக்கிற ஊடு" என்றாள் அம்மா.

அத்தை சாக்கைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்தார். கொளுத்திவிடலாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னார். அவர் தங்கையின் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. எரிச்சலில் சொன்னார். யார் மேல் எரிச்சல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நல்ல துணி, நான் பிரிச்சு வெச்சிக்கிறேன் என்றாள் அத்தை.

மறுநாள் மதியம் அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பொம்மைகளைப் பிரித்தாள். முதலில் குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி ஒரு பவுடர் டப்பாவில் போட்டாள். பிறகு பிளேடால் தையலை அறுத்தாள். பஞ்சு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். சேலைத் துண்டுகளை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். பஞ்சாப்காரன் தலைப்பாகை இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தான். எதிர் வீட்டுப் பிள்ளைகள் மைதானத்தில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. வாரம் முழுக்க என் நெஞ்சில் கிடந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொன்னால், அதில் பயம் கொஞ்சமும் ஆசை நிறையவும் இருந்தது. தெரியும் என்று அவள் சொன்னால் கடைசி பெஞ்சுப் பையனை ஒரு கை பார்க்கலாம்.

"அத்தை, உனக்கு நெஜமாவே சூனியம் வெக்கத் தெரியுமா?"

அடிப்பாளோ என்று ஓர் அடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அத்தை கோபப்படவில்லை. பிளேடை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா எம் புள்ள இந்நேரம் எங்கிட்ட வந்திருக்காதா கண்ணு?"

பூந்தமல்லிப் பக்கம் அத்தைக்கு ஒரு பையன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் நடக்கத் தொடங்கிய நாட்களில், அவனுக்காக அவள் ஒரு துணிப் பொம்மை தைத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் ஊசியோடு இருந்த நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. மாமியார் அந்தப் பொம்மையைக் கண்டெடுத்தார். குறி சொல்கிறவர் ஒருவர் மிச்சத்தைச் சொல்லிவிட்டார். பையனை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்பிவிட்டார்கள். அப்பா போய்க் கேட்டுப் பார்த்து, கை ஓங்கும் அளவுக்குப் பேச்சு முற்றி, திரும்பி வந்திருக்கிறார். கேஸ் போடலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் அந்தப் பேச்சு மறுபடி வருமே என்று அத்தைதான் வேண்டாம் என்றாளாம். இதையெல்லாம் நான் பன்னிரண்டாவது படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அதற்குள் அத்தை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்து சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அவன் செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான் என்று கேள்வி. வந்து பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து அத்தைக்குத் தலை பின்னிவிட, பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ள, ரயிலில் கூட்டிக்கொண்டு போக இருந்த ஒரே பிள்ளை நான்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் இங்கதான அத்தை கீறேன்" என்றேன்.

அத்தை மடியில் இருந்த துணிகளைப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். என்னை இழுத்து, என் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஆமா கண்ணு. நீ இங்கதான் கீற" என்றாள்.

கவலையில் என்னை மறந்துவிட்டாள் போலிருக்கிறது, நல்லவேளையாக நான் ஞாபகப்படுத்தினேன் என்று நினைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன்.